தன் கை படாமல் எடுத்தவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்துவிட்டேன். மூன்று முறை எழுத உட்கார்ந்து, மூன்று முறையும் கிழித்து அடுப்பில் போட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள்தான், ஆனால் எழுத்துக்குப் பயந்து கிழிக்கவில்லை. அந்த மனிதரைப் பற்றி எழுதினால் என் மகளைப் பற்றி எழுத வேண்டும். என் மகளைப் பற்றி எழுதினால், ஊருக்குத் தெரியாமல் நாங்கள் பொத்தி வைத்திருந்த ஒன்றை எழுத வேண்டும். அதற்கும் மேலே என்னைப் பற்றி எழுத வேண்டும். அங்கே வந்ததும் கை நின்றுவிடும்.

இன்னொரு தயக்கமும் இருந்தது. தினமும் விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொள்கிறவள், ஒருவரை வெறுக்கிறேன் என்று எழுதலாமா? எழுதத்தான் போகிறேன். திருமழபாடி வைத்தியநாத சுவாமி மன்னிக்கட்டும். இத்தனை வயதில் நான் மனதார வெறுத்தது ஒரே ஒருவரைத்தான். அவர் பெயர் இதில் வராது. இப்போது இருக்கிறாரோ இல்லையோ, அதுவும் தெரியாது.

ஊரில் எல்லோரும் அவரைப் ‘பாரின் சார்’ என்றுதான் சொன்னார்கள். பெரம்பலூரில் ஒரு சின்ன வெங்காய மண்டியின் மாடியில் அவருடைய ஆபீஸ். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்து வைத்திருந்த காலம் அது. டிகிரி முடித்த பிள்ளைகள் லண்டன் பக்கம் போய் எம்.பி.ஏ. படிக்கலாம், விண்ணப்பம் போடுவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை வழி சொல்ல ஒருத்தர் இருக்கிறார் என்று பேச்சு பரவியது. குன்னம், ஜெயங்கொண்டம், லப்பைக்குடிக்காடு என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து அந்த மாடிப்படி ஏறினார்கள். படியெல்லாம் வெங்காயச் சருகு ஒட்டிக் கிடக்கும்.

மெலிந்த மனிதர். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார், நடப்பார். மேஜை மேல் ஒரு சிவப்புப் பேனாவைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அந்தப் பேனாவைப் பிடித்து அவர் எழுதி நான் பார்த்ததில்லை. ஒற்றை விரலால் தள்ளி எதிரே உட்கார்ந்திருப்பவர் பக்கம் உருட்டிவிடுவார், அவ்வளவுதான்.

அவர் வாயில் அதிகம் வந்த வார்த்தை ‘எடுங்க’. பெட்டியில் ஊறுகாய் பாட்டில் இருந்தால், எடுங்க. விண்ணப்பத்தில் ஒரு வருடம் பெயிலானது தெரிந்தால், எடுங்க. அரியலூர்ப் பையன் ஒருவன் தன் அம்மா ஹாஸ்டலில் சமையல் வேலை செய்து தன்னைப் படிக்க வைத்ததாக எழுதியிருந்தான். “அந்த அம்மாவ எடு” என்றார். எதையும் அவர் தன் கையால் எடுத்ததே கிடையாது. நாமே எடுக்க வேண்டும், நாமே கோடு போட்டு அடிக்க வேண்டும். எடுத்து முடிக்கும் வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பண விஷயத்தில் அவர் சுத்தமானவர். அவர் சொன்ன புத்திமதியிலும் பாதிக்கு மேல் சரியானதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவார். கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும்.

“அங்க போயி சார் சார்னு குழையாதீங்க. வாத்தியார பேரச் சொல்லித்தான் கூப்புடணும். இங்க கிளாசுல வாயத் தொறந்தா அடி. அங்க தொறக்கலைன்னா பெயிலு.”

எல்லோரும் சிரிப்போம்.

“புக்குல இருக்கறத அப்படியே எழுதிக் குடுத்தா அங்க அது திருட்டு. யாரு எழுதுனதுன்னு கீழ போடணும். குரூப்பு குரூப்பா உக்கார வச்சு வேல குடுப்பாங்க. நம்ம ஊருப் புள்ளைங்க நாலும் ஒரே குரூப்புல போயி ஒட்டிக்கிட்டா, தமிழ்லயே பேசிட்டு தமிழ்லயே திரும்பி வருவீங்க. சோறு, ரசம், முட்ட, ஒரு பொரியல். இந்த நாலும் வைக்கத் தெரியாதவன் ஏரோப்ளேன் ஏறாதீங்க.”

“எங்க வூட்டுக்காரருக்கே நாலும் தெரியாதே சார்” என்று ஒரு அம்மா சொன்னார்.

“அவரு குன்னம் பஸ்ஸு மட்டும் ஏறட்டும்” என்றார் சிரிக்காமல்.

இப்படிப் பேசுகிறவரை எப்படி நம்பாமல் இருப்பது? நாங்கள் நம்பினோம்.

என் மகள் பெயர் மங்கையர்க்கரசி. வீட்டில் மங்கை. எங்கள் வம்சத்தில் முதல் டிகிரி அவள்தான். குன்னத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம், மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுவோம். எதற்காக மேலாண்மை படிக்க விரும்புகிறாய் என்று காலேஜுக்குக் கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும் என்றார்கள். மங்கை வெங்காயத்தைப் பற்றி எழுதினாள். ஒரு வருடம் விலை ஏறட்டும் என்று அவள் அப்பா வயலில் தட்டி கட்டிப் பட்டறை போட்டுச் சேர்த்து வைத்திருந்த வெங்காயம் முழுதும் மழையில் அழுகிப்போனதையும், அந்த நாற்றம் மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் போகாததையும், விளைவிக்கத் தெரிந்த ஜனத்துக்கு வைத்து விற்கும் வழி தெரியவில்லை, அதைக் கற்கப் போகிறேன் என்பதையும் எழுதியிருந்தாள். இங்கிலீஷில் எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது.

பாரின் சார் படித்துவிட்டுக் கேட்டார்: “வெங்காயத்தப் பத்திப் படிக்கவா பாப்பா லண்டன் போற? அதுக்கு நம்ம கீழ மண்டியில இறங்குனா போதுமே.”

பேனாவை உருட்டிவிட்டார். “எடு.”

மங்கை தன் கையாலேயே வரிவரியாக அடித்தாள். அந்த இடத்தில் தலைமைப் பண்பு, உலகச் சந்தை என்று என்னவோ அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். சீட்டு கிடைத்தது. ஆக அவர் சொன்னதுதான் சரி என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

விசாவுக்குச் சென்னை போன அன்றைக்கும் அவர் கூட வந்தார். உள்ளே போவதற்கு முன் ரோட்டோரம் நிற்க வைத்து ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தார். மங்கை முன் நின்று என்னிடம் சொன்னார்: “அம்மா, நெத்தியில இருக்கறத எடுங்க.”

“சாமி விபூதிங்க சார். திருமழபாடியில வாங்குனது.”

“உங்களுக்கு அது விபூதி. உள்ள இருக்கறவனுக்கு அது ஒரு கேள்வி. எடுங்க.”

முந்தானையால் நானே துடைத்தேன். அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. துடைத்ததில் ஒரு கோடு மிச்சம் இருந்துவிட்டதோ என்றுதான் பயந்தேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

மங்கைக்கு ஒன்பதாவது படிக்கும்போது வலிப்பு வந்தது. முதல் தடவை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தண்ணீர் குடிக்கும்போது விழுந்தாள். அப்புறம் இரண்டு தடவை. திருச்சியில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். காலையும் ராத்திரியும் மாத்திரை, ஒரு வேளை கூடத் தவறக்கூடாது என்றார். தவறாமல் கொடுத்தேன். மூன்று வருடமாக வரவில்லை. வைத்தியநாத சுவாமிக்கு மாதா மாதம் போய் அபிஷேகம் செய்தேன்.

ஆனால் ஊரில் ஒரு ஆளுக்கும் தெரியாது. என் கூடப் பிறந்தவளுக்குக்கூடத் தெரியாது. பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கிறது. மாத்திரை என்னவென்று யார் கேட்டாலும் “சத்து மாத்திரை, ரத்தம் கம்மியாம்” என்பேன். எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனை வீட்டில் எத்தனை சத்து மாத்திரை இருக்கிறது என்று வைத்தியநாதருக்குத்தான் தெரியும்.

அந்தக் காலேஜ் ஹாஸ்டலுக்கு ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. உடம்புக்கு ஏதாவது உண்டா, எங்களுக்குத் தெரிய வேண்டியது ஏதாவது உண்டா என்று அதில் ஒரு கேள்வி. மங்கை ‘உண்டு’ என்று போட்டு, டாக்டர் கொடுத்த கடிதத்தையும் பின்னால் குத்தி வைத்திருந்தாள். பாரின் சார் அதைப் பார்த்தார். மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். மங்கையையும் என்னையும் என் வீட்டுக்காரரையும் மட்டும் இருக்கச் சொன்னார்.

“அம்மா, இது உங்க ஊர்ல யாருக்காச்சும் தெரியுமா?”

“தெரியாதுங்க சார்.”

“சொந்தக்காரங்களுக்கு?”

“தெரியாதுங்க.”

“இத்தன வருசம் இந்த ஊருக்குத் தெரியாம வச்சிருக்கீங்கள்ல. அந்த ஊருக்கு மட்டும் ஏன் தெரியணும்?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. “தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவாங்க. அந்தப் பேப்பர எடுங்க.”

மங்கை என்னைப் பார்த்தாள். “அம்மா, டாக்டர் சொல்லச் சொன்னாரும்மா.”

“சார் சொல்றாருல்ல” என்றேன். ஊசியைப் பிரித்துக் கடிதத்தை நானே எடுத்தேன். புது பாரம் கொடுத்தார். அதில் ‘இல்லை’ என்று மங்கை போட்டாள். அதோடு அவர் விடவில்லை. எழுந்து நிற்கச் சொல்லி அவளைக் கேட்டார்: “உனக்கு இதுக்கு முன்னாடி ஏதாச்சும் நோய் உண்டா?” அவள் தயங்கினாள். “தயங்காத. நோ, நெவர். சொல்லு.” ஏழெட்டுத் தடவை சொல்ல வைத்தார். கடைசி தடவை சொன்னபோது எங்களுக்கே அவளுக்கு ஒன்றும் இல்லை போலத்தான் தோன்றியது.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பெட்டி பிரிக்கும் நாள். அவர் ஏற்படுத்தி வைத்திருந்த வழக்கம் அது. எல்லோரும் கட்டிய பெட்டியோடு கீழே மண்டிக்கு வர வேண்டும். லீவு நாள் என்பதால் மண்டி காலியாக இருக்கும். மூட்டை நிறுக்கும் தராசில் பெட்டியை வைத்து, எல்லோர் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, எடுங்க எடுங்க என்பார். குக்கர் போகலாம். சாம்பார்ப் பொடி இரட்டைக் கவரில் போகலாம். அம்மிக்குழவி போகாது. அம்மிக்குழவி கொண்டுவந்த வீட்டையும் அன்றைக்குப் பார்த்தேன்.

எங்களுக்கு முன்னால் லப்பைக்குடிக்காட்டு அம்மா ஒருவர் மகனோடு நின்றார். அந்தப் பையனுக்கு மூச்சு இழுப்பு உண்டு. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து ஆறு டப்பா பெட்டியில் இருந்தது, டாக்டர் சீட்டோடு.

“ஒண்ணு போதும். மிச்சத்த எடுங்க. சீட்டையும் எடுங்க.”

“ஏன் சார்?”

“கேள்வி வரும்.”

“வரட்டும். எம் மவனுக்கு வாயி இருக்குல்ல, பதில் சொல்லுவான். மூச்சு முட்டுனா அங்கேருந்து ஓடியாந்து உங்க ஆபீசு மாடியா ஏறுவான்? மூணு பேரத் துபாய்க்கு அனுப்பி வச்சவ சார் நானு. இது போவும்.” எடுத்த டப்பாக்களைத் திரும்ப அடுக்கி, மேலே அந்தச் சீட்டையும் வைத்து, “யா அல்லா” என்று பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பாரின் சார் தராசுப் பக்கம் திரும்பினார். அடுத்த பெட்டி என்றார். அடுத்தது எங்களுடையது.

மஞ்சள் துணிப் பையில் ஆறு மாதத்துக்கான மாத்திரை அட்டைகள் வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “ஒரு மாசத்துக்கு மட்டும். மிச்சத்த எடுங்க. அங்க கிடைக்கும்.”

நான் எடுக்க ஆரம்பித்தேன். பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அந்த அம்மா கேட்டார்: “என்னா மாத்தர தங்கச்சி அது? எடுக்காத, புள்ளைக்கி வேணும்ல?”

எல்லோரும் பார்த்தார்கள். மங்கையும் பார்த்தாள்.

“சத்து மாத்திரைக்கா” என்றேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த அம்மா மாதிரி நானும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர் அடுத்த பெட்டி என்று போயிருப்பார். அவரால் எதுவும் செய்திருக்க முடியாது. எதிர்த்துப் பேசிய வீட்டை அவர் விட்டுவிட்டார். ஒளிக்க எதையாவது வைத்திருந்த வீடுதான் அவருக்குக் கட்டுப்பட்டது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் அவரை வெறுக்கிறேன்.

மங்கை போனாள். மீனம்பாக்கத்தில் அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஒரு மாதம் ஆனது. போனில் மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டால் “சாப்பிடறேன்மா” என்பாள். எப்படி, ஒரு மாதத்துக்குத்தானே கொடுத்தேன் என்றால் “பாத்துக்கறேன்மா, காசு ஏறுது, வை” என்பாள். எனக்கு மனசு ஆறவில்லை. மிச்ச அட்டைகளை எடுத்துக்கொண்டு குன்னத்தில் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். அடுத்து புறப்படும் பிள்ளை யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள் சார் என்றேன்.

“ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தர் பெட்டியில வைக்கக் கூடாது. உங்க பையிலயே திரும்பப் போடுங்க.”

அது சரியான பேச்சுதான், இன்றைக்கும் அது சரிதான். “அப்ப நான் என்னா சார் பண்றது?”

“மூணு வருசமா வரலைல்ல?”

“வரலைங்க.”

“அப்ப இனிமே வராது. விடுங்க.”

டாக்டர் சொல்லாததை அவர் சொன்னார். நான் எதைக் கேட்க ஆசைப்பட்டேனோ அதைச் சொன்னார். மாத்திரையோடு நோயையும் எடுத்துவிட்டதுபோல இருந்தது எனக்கு. மறுநாள் திருமழபாடிக்குப் போய் நன்றி சொல்லி நெய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். வைத்தியம் பார்க்கும் சாமியிடமே நோய் போய்விட்டது என்று பொய் சொல்லிவிட்டு வந்தவள் நான்.

அங்கே என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. அந்த ஊரில் இந்த மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் போய் நோயைச் சொல்ல வேண்டும். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இவள் மனதில் ஏற்றி அனுப்பியிருந்தோம். ஆகவே இருந்த மாத்திரையைப் பாதியாக உடைத்தாள். பிறகு அந்தப் பாதியையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி அட்டையும் தீர்ந்தது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நான் விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அங்கே அவளுக்கு விடிகாலை. நாலாவது மாடியில் எல்லோருக்கும் பொதுவான சமையல் அறையில் தனியாக நின்று பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அப்படியே அடுப்பின் மேல் சாய்ந்து விழுந்தாள். கொதித்த பால் முழுதும் இடது கையில்.

பக்கத்து அறையில் ஆப்பிரிக்கா தேசத்துப் பெண் ஒருத்தி, அவளும் அங்கே படிக்க வந்தவள்தான். சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாராம், இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா என்று. தோல் உரிந்த கையோடு படுத்துக்கொண்டு என் மகள் சொன்னாளாம்: நோ, நெவர். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டார்களாம். நோ, நெவர். முதல் தடவை என்றால் ஒரு வைத்தியம், பழைய நோய் என்றால் வேறு வைத்தியம். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஆப்பிரிக்காப் பெண்ணுக்கு என்னவோ தோன்றியிருக்கிறது. ஹாஸ்டலுக்குத் திரும்பி ஓடி, மங்கையின் அறைக் குப்பைக் கூடையைக் கவிழ்த்து, காலி மாத்திரை அட்டை ஒன்றைப் பொறுக்கி எடுத்துவந்து டாக்டர் கையில் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை, எனக்குத் தெரியாது. நான் விளக்கேற்றும்போதெல்லாம் அவளுக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

நாலு நாள் கழித்து மங்கை போன் செய்தாள். முதலில் அழுதாள். “உன்னைத் திருப்பி அனுப்பிடறாங்களா தங்கம்?” என்று கேட்டேன். எனக்கு அப்போதும் அதுதான் பயம்.

“இல்லம்மா. யாருமே அப்படிச் சொல்லல. ஹாஸ்டல் மேடம் வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க. மொதல்லயே சொல்லியிருந்தா கீழ ரூம் குடுத்திருப்போமே, பக்கத்து ரூம் பொண்ணுகிட்ட என்ன செய்யணும்னு சொல்லி வச்சிருப்போமேன்னாங்க. அவ்வளவுதாம்மா சொன்னாங்க.”

போனை வைத்தேன். ஒரு கீழ் ரூம். அவ்வளவுதான். அந்தக் கீழ் ரூமை நான்தான் ஊசி பிரித்து எடுத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் போனேன். அடுத்த கூட்டத்துக்குப் பெட்டி பிரிக்கும் நாள் அது. தராசைச் சுற்றி ஏழெட்டுக் குடும்பம். எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். வலிப்பு என்ற வார்த்தையை வெளி ஆட்கள் முன் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் “ஏய், மெதுவா” என்றார். “மெதுவா பேசித்தாங்க இங்க வந்து நிக்கிறோம்” என்றேன்.

பாரின் சார் முழுதும் கேட்டார். கை பின்னாலேயே இருந்தது.

“அம்மா, நான் என் கையால எதையாச்சும் எடுத்தனா?”

“இல்ல.”

“அந்தக் கடுதாசிய யாரு எடுத்தா?”

“நான்தான்.”

“மாத்திரைய?”

“நான்தான் சார்.”

“அப்புறம் என்னம்மா?” என்றார். கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. திரும்பி, தராசில் இருந்த பெட்டியைப் பார்த்தார். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வந்த ஒரு தகப்பனாரும் மகளும் நின்றார்கள். அந்த மனிதர் கையில் ஒரு பழுப்புக் கவர், அப்போதுதான் பெட்டியிலிருந்து வெளியே எடுத்திருந்தார்.

“அண்ணே, என்னாங்க அது?” என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “பாப்பாவுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம்மா. டாக்டர் குடுத்த பேப்பரு. சார் எடுக்கச் சொன்னாரு.”

அதை அவர் கையிலிருந்து வாங்கினேன். அந்தப் பெண்ணின் துணிகளுக்கு மேலே, திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். “இருக்கட்டும்ணே. அங்க காட்டுனா முன்னாடி பெஞ்சுல உக்கார வைப்பாங்க.”

“அதை எடுங்க” என்றார் பாரின் சார்.

தகப்பனார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அசையவில்லை.

“எடுங்கன்னா.”

“நீங்களே எடுங்க சார்” என்றேன். “இன்னைக்கு உங்க கையால எடுங்க.”

அவருடைய கைகள் பின்னாலிருந்து முன்னால் வந்தன. மணிக்கட்டுப் பொத்தான் வரை தெரிந்தது. பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி அப்படியே நின்றன. பிறகு மறுபடியும் பின்னால் போய்விட்டன. அந்தப் பெண் குனிந்து தன் பெட்டியைத் தானே மூடினாள்.

“அடுத்த பெட்டி” என்றார் அவர்.

வீட்டுக்குப் போகும் வழியில் அந்தத் தகப்பனார் கவரைத் திரும்ப எடுத்துவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. அரியலூரை மறுபடி தனி மாவட்டமாகப் பிரித்தபோது அந்த மாடியில் வேறு போர்டு மாட்டியிருந்தது. அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மங்கை படிப்பை முடித்துத்தான் திரும்பினாள். படிப்பின் கடைசிக் கட்டுரையை வெங்காயப் பட்டறையைப் பற்றியே எழுதியதாகச் சொன்னாள். இடது கையில் முழங்கை வரை தழும்பு இருக்கிறது. முழுக்கை ரவிக்கை தைத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் தட்டை வைப்பதற்கு முன்னாலேயே தனக்கு வலிப்பு உண்டு என்று அவளே சொன்னாள். இரண்டு வீட்டார் காபி குடிக்காமல் எழுந்து போனார்கள். மூன்றாவதாக வந்தவர், எந்த டாக்டரிடம் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அவர்தான் இப்போது என் மருமகன்.

இதை நான் நாலாவது முறையாக எழுதியபோது மங்கையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, “எனக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதியிருக்க. என்னா உடம்பு சரியில்ல? அதை எங்கம்மா காணோம்?” என்றாள். அவள் பெட்டியைப் பிரித்த அன்றைக்கு லப்பைக்குடிக்காட்டு அம்மாவிடம் நான் சொன்ன பொய்யும் அதில் இல்லை. நானே எடுத்திருந்தேன். அவர் இல்லாமலேயே எடுத்திருந்தேன். இது ஐந்தாவது முறை எழுதியது. எல்லாவற்றையும் திரும்ப வைத்திருக்கிறேன்.

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் தாய்மார்களே, டாக்டர் கடிதத்தைக் கைப்பையில் வையுங்கள். மருந்தைச் சீட்டோடு கொடுத்து அனுப்புங்கள். போன முதல் வாரமே ஹாஸ்டலிலும், அந்த ஊர் டாக்டரிடமும், பக்கத்து அறைப் பிள்ளையிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். இதைத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நீளமாக இருக்கிறது, ஒரு பொம்பளை இதையெல்லாமா எழுதுவாள் என்று யாராவது குறைக்கச் சொல்வார்கள். எதையும் எடுக்காதீர்கள். எதை எடுத்தாலும், எல்லோர் முன்னாலும் ‘சத்து மாத்திரைக்கா’ என்று நான் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.